பந்தைத் தள்ளு, நீ ஓடு: கால்பந்தில் பீட்டர் மெக்வில்லியமின் 'பாஸ்' ஆட்டம் எப்படி வேலை செய்தது?

1911இல் வேல்ஸுக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தில் ஸ்காட்லாந்து வீரர் பீட்டர் மெக்வில்லியமின் முழங்கால் போனது. இங்கிலாந்தின் நியூகாசிலுக்கு 1905, 1907, 1909 என மூன்று லீக் பட்டங்கள் வென்றுகொடுத்த அணியில் இடது ஹாஃப், அதாவது இடப்பக்க நடுக்கள ஆட்டக்காரர் அவர். காலால் இனி ஆட முடியாது. அடுத்த ஆண்டுக் கடைசியில் லண்டனின் டோட்டன்ஹாம் அணிக்கு மேனேஜராகப் போனார்.

அவர் சொல்லிக்கொடுத்தது ஸ்காட்லாந்தின் பழைய வழக்கம்தான். பந்தை உயரே தூக்கி அடிக்காமல், தரையோடு பக்கத்து ஆளுக்குக் கைமாற்றுவது. கால்மாற்றுவது என்றுதான் சொல்ல வேண்டும்!

இது ஏன் பலிக்கிறது? ஒரு ரப்பர் பந்தின்மேல் சாக்பீஸால் கோடு போட்டு, நட்டநடுவில் உதைத்துப் பாருங்கள். முதலில் கோடு அவ்வளவாகச் சுழலாது. பந்து தரையில் வழுக்கிக்கொண்டு போகும். தரையின் உராய்வு வேகத்தைக் குறைத்துக்கொண்டே பந்தைச் சுழல வைக்கும். உள்ளே காற்று மட்டும் இருக்கும் பந்துக்குக் கணக்குப் போட்டால், ஆரம்ப வேகத்தில் சுமார் 60 சதவீதத்துக்கு இறங்கும்போது வழுக்கல் நின்று உருளல் தொடங்கும். அதற்கப்புறம் வேகம் மெதுவாகத்தான் குறையும். நொடிக்கு 15 மீட்டரில் தள்ளிய பந்து உருளத் தொடங்கும்போதும் 9 மீட்டர் வேகத்தில் இருக்கும். நல்ல ஓட்டக்காரரே பூட்ஸ் போட்டுக்கொண்டு 7, 8 மீட்டர்தான் ஓடுவார். பந்தைத் துரத்திப் பிடிக்கிற வேலை வீண்.

சரி, எதிரணியின் தடுப்பாட்டக்காரர், அதாவது டிஃபெண்டர், சும்மாவா நிற்பார்? உங்கள் எதிரே மூன்று மீட்டரில் நிற்கிறார் என்று வையுங்கள். நீங்கள் பக்கவாட்டில் நண்பரிடம் தள்ளுகிறீர்கள். டிஃபெண்டரின் கண் பந்தோடு போகிறது. அந்த நொடியில் நீங்கள் அவர் முதுகுப்பக்கம் ஓடிவிடுகிறீர்கள். நடந்தது மூளைக்கு எட்டவே அவருக்குக் கால் நொடி வேண்டும். முழு ஓட்டத்தில் இருந்தால் அதற்குள் நீங்கள் ஒன்றே முக்கால் மீட்டர் போயிருப்பீர்கள். அவரோ நின்ற இடத்தில் திரும்பி, பூஜ்யத்திலிருந்து வேகம் எடுக்க வேண்டும். நண்பர் ஒரே தட்டில் திருப்பித் தர, பந்து உங்கள் காலில். தள்ளுவதைவிட ஓடுவதுதான் இதில் முக்கியம். தள்ளிவிட்டு நின்று வேடிக்கை பார்த்தால் டிஃபெண்டருக்குக் கவலையே இல்லை.

அந்தக் காலத் தோல் பந்து மழையில் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். இங்கிலாந்து அணிகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் 1921 இறுதி ஆட்டம் அப்படியொரு மழைச் சேற்றில்தான் நடந்தது. அங்கே நேர்த்தியான பாஸுக்கு அதிகம் இடமில்லை. ஜிம்மி டிம்மக் அடித்த ஒரே கோலில் டோட்டன்ஹாம் வென்றது.

மெக்வில்லியமிடம் பயின்ற ஆர்தர் ரோ, பின்னாளில் அதே அணியின் மேனேஜராகி, 'தள்ளு, ஓடு' ஆட்டத்தால் 1951இல் லீக் பட்டம் வென்றார். மெக்வில்லியம் 1938இல் திரும்பி வந்தபோது அணியில் இருந்த விக் பக்கிங்ஹாம், ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸுக்குப் பயிற்சியாளராகப் போனார். 1964இல் அங்கே 17 வயதுப் பையன் ஒருவனை முதன்முதலாகக் களமிறக்கினார். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நெதர்லாந்து வீரர் யோஹான் க்ரைஃப்தான் அந்தப் பையன்.