சரியாகப் பொருந்தியும் இயங்காத ராம்

மொரீஷியஸின் எபேனில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட ஒர்க்ஸ்டேஷன் கணினி, ரோஸ்ஹில்லில் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்புக்கு வந்தது. அதன் தற்காலிக நினைவகமான ராம் 4 ஜிபிதான். பழைய சர்வரில் கழற்றிய இரண்டு 8 ஜிபி பாரெத்துகளை ஒரு பெற்றோர் கொடுத்தார். (பாரெத் என்றால் ராம் சில்லுகள் பதித்த நீளப் பலகை. தலையில் குத்தும் கிளிப்புக்கும் பிரெஞ்சில் இதே சொல்தான்.) பழையதை எடுத்துவிட்டுப் பொருத்தினோம், டக்கென்று பூட்டிக்கொண்டன. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றியது, பீப் ஒலி கேட்டது, திரை இருட்டாகவே இருந்தது.

ராம் பழுதாகவில்லை. அதன் வகைதான் வேறு.

ராமின் அடுத்தடுத்த தலைமுறைகளான டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 முனைகள். ஒன்றுக்கு 1.8 வோல்ட், மற்றதற்கு 1.5. மாற்றிச் செருகிவிடாதபடி அடிவெட்டை வேறிடத்தில் வைத்தார்கள். ஆனால் டிடிஆர்3-க்குள்ளேயே இருக்கும் ரெஜிஸ்டர்டு, அன்பஃபர்டு வகைகளுக்கு வெட்டு ஒரே இடத்தில்தான். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

பிராசசர் அனுப்பும் கட்டளை பாரெத்திலுள்ள எல்லாச் சில்லுகளுக்கும் போகவேண்டும். ஒவ்வொரு சில்லும் மின்குறிப்புக்கு ஒரு சுமை. எட்டுச் சில்லு என்றால் தாங்கும். சர்வர் பாரெத் சிலவற்றில் 36 இருக்கும், குறிப்பு மங்கிப்போகும். தைப்பூசக் காவடியில் முன்னே போகிறவர் ‘வேல் வேல்’ என்பது கடைசி வரிசைக்குக் கேட்காது. நடுவில் ஒருவர் வாங்கித் திருப்பிச் சொன்னால் கேட்கும். பாரெத்தின் நடுவிலுள்ள ரெஜிஸ்டர் சில்லு செய்வது அதையே. தகவல் நேராகவே போகும். கட்டளை மட்டும் ஒரு கடிகாரத் துடிப்பு தாமதமாகச் சேரும். அந்தத் தாமதத்தை எதிர்பார்க்கத் தெரியாத பிராசசருக்கு இந்த ராம் புரியாது. இரண்டு பிராசசர் கொண்ட ஒர்க்ஸ்டேஷன்கள் பலவற்றுக்குத் தெரியும், எங்களுடையதற்குத் தெரியாது.

ஈசிசி எனும் பிழைதிருத்தும் வசதி வேறு சங்கதி. 64 பிட்டுடன் 8 பிட் காவலுக்குச் சேரும். ஒரு பிட் புரண்டால் திருத்தும், இரண்டு புரண்டால் கண்டுபிடிக்கும். ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் வெளியிட்ட யோசனையில் பிறந்தது இது. சில்லுகள் எட்டெட்டாக இல்லாமல் ஒன்பது ஒன்பதாக இருந்தால் பெரும்பாலும் ஈசிசிதான்.

வாங்குமுன் ஒட்டுச்சீட்டைப் படியுங்கள். ‘பிசி3-10600ஆர்’ என்றிருந்தால், 10600 என்பது நொடிக்கு 1333 மில்லியன் தடவை, தடவைக்கு 8 பைட் என்ற பெருக்கல், ஏறக்குறைய. கடைசி எழுத்துதான் முக்கியம்: ‘ஆர்’ ரெஜிஸ்டர்டு, ‘யு’ அன்பஃபர்டு எனும் சாதாரண வகை, ‘இ’ ரெஜிஸ்டர் இல்லாத ஈசிசி. ‘ஆர்’ வகையை மற்றவற்றோடு ஒரே கணினியில் கலக்கவே முடியாது. கையேட்டில் எந்த எழுத்து ஏற்கும் என்று போட்டிருக்கும்.

எங்கள் கையேட்டில் இருந்தது ‘இ’. போர்ட் லூயிஸில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் அந்த வகையில் இரண்டு கிடைத்தன. மறுநாள் மாலை, வகுப்புப் பிள்ளைகள் சூழ்ந்து நிற்க, திரையில் 16384 எம்பி என்று வந்தது.