மறைக்குறி அஞ்சல்தலையும் அதன் ‘எண்ணிம இரட்டை’யும்

2019 ஜூன் 11 அன்று ஆஸ்திரிய அஞ்சல் துறை, ஒற்றைக் கொம்புக் குதிரையின் உருவம் பொறித்த அஞ்சல்தலை ஒன்றை 6.90 யூரோ விலையில் வெளியிட்டது. கையில் வாங்கிப் பார்த்தால் அது வங்கி அட்டையின் அளவில் இருக்கும். அதன் ஒரு பாதி, கிழித்து உறையில் ஒட்டி அனுப்பத்தக்க அசல் அஞ்சல்தலை. மறு பாதியில், பழைய ரீசார்ஜ் அட்டைகளில் நாம் நகத்தாலோ நாணயத்தாலோ சுரண்டிய அதே வகைப் பூச்சு இருக்கும். அதன் அடியில் ஒரு டிஜிட்டல் பணப்பையைத் திறப்பதற்கான மறைக்குறிப்புகள் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பணப்பைக்குள், எத்தீரியம் என்னும் பிளாக்செயினில் (பல கணினிகளில் ஒரே படியாகப் பேணப்படும் பொதுக் கணக்கேட்டில்) பதிவான இன்னொரு ‘அஞ்சல்தலை’ இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் ஒரே தோற்றம். பிளாக்செயினில் உள்ளவற்றுக்கோ ஐந்து நிறங்கள். மொத்தம் 1,50,000 பிரதிகளில் 78,500 கறுப்பு, 40,000 பச்சை, 20,000 நீலம், 10,000 மஞ்சள், எஞ்சிய 1,500 மட்டுமே சிவப்பு.

இந்தப் பொருளுக்கு ‘கிரிப்டோ ஸ்டாம்ப்’ என்றும், பிளாக்செயினில் உள்ள அதன் துணைக்கு ‘டிஜிட்டல் ட்வின்’ (எண்ணிம இரட்டை) என்றும் பெயர் வழங்குகிறது. இரண்டையும் தமிழில் எப்படிச் சொல்வது என்பதற்குமுன், அவற்றுள் அடங்கிய சொற்கள் எங்கிருந்து வந்தன, சொன்ன பொருளை அவை தாங்குகின்றனவா என்று பார்க்கவேண்டும்; ஏனெனில் இவற்றுள் ஒன்று, ஆங்கிலத்திலேயே பிழையாக வழங்கும் சொல் என்பது என் எண்ணம்.

முதலில் ‘ஸ்டாம்ப்’. இடித்தல், மிதித்தல் என்னும் பொருளில் தொடங்கி, அச்சுக்கட்டையை அழுத்திப் பதித்த குறிக்கு ஆகி, பின்னரே ஒட்டும் காகிதத் துண்டுக்குப் பெயரான சொல் அது. தமிழ்நாட்டில் ‘தபால்தலை’, ‘அஞ்சல்தலை’ என்கிறோம். தபால் என்பது தக்காணத்திலும் தென்னிந்தியாவிலும் பரவலாக வழங்கிய சொல். அஞ்சல் என்பதோ திருவிதாங்கூர், கொச்சி அரசுகள் தாமே நடத்திய கடிதப் போக்குவரத்தின் பெயராக, 1951இல் அவை இந்திய அஞ்சல் துறையோடு இணையும்வரை நாகர்கோவில் பக்கத்தில் அன்றாடம் புழங்கிய சொல். ‘தலை’ வந்த காரணம் வெளிப்படை: 1840இல் பிரிட்டனில் வெளிவந்த முதல் அஞ்சல்தலையிலும் 1854இல் இந்தியா முழுமைக்கும் வெளியான அஞ்சல்தலைகளிலும் இருந்தது விக்டோரியா அரசியின் தலை. (அந்த 1854 வரிசையில் நாலணா அஞ்சல்தலைகள் சிலவற்றில் அரசியின் தலை தலைகீழாக அச்சாகிவிட, அந்தப் பிழைதான் இன்று சேகரிப்போர் தேடும் பெரும் பொருள்.) இலங்கைத் தமிழர் இதையே ‘முத்திரை’ என்பர். அழுத்திப் பதித்த குறி என்னும் மூலப்பொருளுக்கு அதுவே நெருக்கமானது. ஆனால் தமிழ்நாட்டில் முத்திரை என்றால் அஞ்சலகத்தில் மையால் குத்தும் வட்டக்குறி என்றே கொள்வர் என்பதால், பொதுவாசகருக்கு அஞ்சல்தலையே குழப்பமற்றது. தலை இல்லாத படங்கள் வந்து நூறாண்டுக்கு மேலாகியும் பெயர் நிலைத்துவிட்டதுபோல, காகிதம் இல்லாத வடிவத்துக்கும் அது நிலைக்கும்.

‘கிரிப்டோ’ கிரேக்கச் சொல். மறைவானது என்று பொருள். நாளேடுகள் ‘கிரிப்டோகரன்சி’ என்றே எழுதுகின்றன. கலைச்சொல் ஆக்கியோர் மறையீடு, குறியாக்கம் என்றெல்லாம் வழங்குவர். ஆஸ்திரிய அட்டையைப் பொறுத்தவரை இந்தச் சொல் இரு வகையில் பொருந்துகிறது. கணிதத்தால் மறைக்கப்பட்ட திறவுகோல் ஒன்று. அந்தத் திறவுகோலையும் பூச்சு பூசி மறைத்திருப்பது இன்னொன்று. ஆகவே ‘மறைக்குறி அஞ்சல்தலை’ என்பது பொருளுக்கு நேரான பெயராக அமையும். பிளாக்செயினுக்குக் கட்டச்சங்கிலி, தொடரேடு என்னும் ஆக்கங்கள் உண்டு. கணக்கெழுதும் ஏடு என்னும் கருத்தைக் காட்டுவதால் நான் தொடரேட்டின் பக்கம்.

அந்த ஏட்டில் ஒரு பொருளின் உரிமையைக் காட்டப் பதிவாகும் தனி அடையாளமான டோக்கனுக்கு ‘நான்-ஃபஞ்சிபிள் டோக்கன்’, சுருக்கமாக என்.எஃப்.டி., என்று பெயர். இதை இயந்திர மொழிபெயர்ப்பில் ‘பூஞ்சையற்ற டோக்கன்’ என்று கண்டு சிரித்தவர்கள் இருக்கலாம். அந்தப் பிழைக்கு ஒலி ஒற்றுமையே காரணம்: காளானைக் குறிக்கும் லத்தீன் பெயர்ச்சொல் வேறு, ‘ஃபஞ்சிபிள்’ பிறந்த, நிறைவேற்றுதல் அல்லது ஒன்றன் இடத்தில் நின்று செய்தல் என்னும் பொருளுடைய லத்தீன் வினைச்சொல் வேறு. ஒரு படி அரிசி கடன் வாங்கினால் அதே அரிசியைத் திருப்பித் தர வேண்டியதில்லை, அதே அளவு வேறு அரிசி போதும். உழவுக்கு வாங்கிப் போன காளையையோ அதே காளையாகத்தான் திருப்பிக் கட்டவேண்டும். அரிசி ஃபஞ்சிபிள், காளை அப்படியன்று. சட்டநூல்கள் பேசும் இந்த வேறுபாட்டில், முதல்வகைக் கடனுக்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு சொல் இருக்கிறது: குறியெதிர்ப்பை. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றவை குறியெதிர்ப்பையின் தன்மையன என்கிறது 221ஆம் குறள். அளவு குறித்து வாங்கி, வாங்கியவாறே எதிர் கொடுப்பது என்று பரிமேலழகர் உரை சொல்கிறது. புறநானூற்றின் 163ஆம் பாட்டில், பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார், சுற்றத்தின் பசி தீரக் குறியெதிர்ப்பை தந்து உதவியவர்களுக்கும் கொடு என்று மனைவியிடம் சொல்கிறார். வீட்டுக்கு வீடு அளந்து மாற்றிக்கொண்ட தானியம் அது.

அந்தச் சொல்லை உயிர்ப்பித்து என்.எஃப்.டி.க்குப் பெயர் சூட்டலாம் என்னும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ‘குறியெதிர்ப்பை ஆகாத வில்லை’ என்று எழுதினால் அடைப்புக்குள் விளக்கம் எழுதாமல் தப்ப முடியாது. ‘மாற்றீடில்லா வில்லை’ என்பது படித்தவுடன் விளங்கும். டோக்கனுக்கு வில்லை என்பது நல்ல ஆட்சி. அந்நாளில் அலுவலகப் பணியாளின் மார்பில் தொங்கிய உலோகத்தகடு வில்லை எனப்பட்டது. அவரை வில்லைச் சேவகன் என்றனர். தகட்டின் மதிப்பு உலோகத்தில் இல்லை, அது காட்டும் உரிமையில் இருந்தது. தொடரேட்டு வில்லையும் அத்தகையதே.

இனி ‘டிஜிட்டல் ட்வின்’. இந்தக் கருத்து அஞ்சல்துறையில் பிறந்ததன்று. 2002ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், பொருள்களின் ஆயுட்காலம் முழுவதையும் மேலாண்மை செய்வது பற்றிய உரையில் மைக்கேல் கிரீவ்ஸ் இதை முன்வைத்தார். ‘ட்வின்’ என்னும் பெயர் நாசாவைச் சேர்ந்த ஜான் விக்கர்ஸ் தந்தது என்று கிரீவ்ஸ் குறிப்பிடுகிறார். ஒரு விமான எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வெப்பமும் அதிர்வும் உணரிகள் வழியே கணினிக்குச் செல்ல, கணினியில் உள்ள அதன் மாதிரியும் அவ்வாறே மாறி, எந்தத் தகடு எப்போது தேயும் என்று முன்கூட்டிச் சொல்லும். ஒன்றுக்கு நேர்வது மற்றொன்றுக்கும் தெரியும் என்பதுதான் அங்கே இரட்டை என்பதன் உயிர்ப்பொருள்.

அஞ்சல்தலைக்கு வரும்போது அந்த உயிர்ப்பொருள் கழன்றுவிடுகிறது. காகித அஞ்சல்தலையைக் கிழித்து உறையில் ஒட்டுங்கள், மழையில் நனையவிடுங்கள், அடுப்பில் போடுங்கள். தொடரேட்டில் ஒரு எழுத்தும் மாறாது. வில்லையை மட்டும் இணையத்தில் ஒருவருக்கு விற்றுவிட்டு, காகிதத்தை ஆல்பத்தில் வைத்துக்கொள்ளவும் தடையில்லை. தோற்றத்தில்கூட இரண்டும் ஒத்திருக்க வேண்டியதில்லை. 2021 நவம்பர் 25 அன்று சுவிட்சர்லாந்து அஞ்சல் துறை 8.90 பிராங்கு விலையில் வெளியிட்ட அஞ்சல்தலை இதற்கு இன்னும் தெளிவான சான்று. காகிதத்தில் எல்லார்க்கும் ஒரே படம். அதிலுள்ள குறியீட்டை அலைபேசியில் வருடிய (ஸ்கேன் செய்த) பிறகு கிடைக்கும் டிஜிட்டல் படமோ 13 வகைகளுள் ஒன்று. மிகப் பரவலான வகையில் 65,000 பிரதிகள், மிக அரியதில் 50 மட்டுமே. பிரிக்கும்வரை என்ன வரும் என்று தெரியாத, சிறுவர்கள் வாங்கும் கிரிக்கெட் அட்டைப் பொட்டலத்தின் ஆட்டம்தான் இது; இரட்டைப் பிறப்பின் எந்த இலக்கணமும் இதில் இல்லை.

ஆகவே ‘எண்ணிம இரட்டை’, ‘இலக்கமுறை இரட்டை’, ‘மின்னிரட்டை’ என்று ஆங்கிலத்தை அடியொற்றி ஆக்குவன யாவும் ஆங்கிலத்தின் பிழையையும் சேர்த்தே கொண்டுவருகின்றன. தொழிற்சாலைப் பொறியியலில் ‘எண்ணிம இரட்டை’ சரியே; அங்கே அது இருக்கட்டும். அஞ்சல்தலைக்கு ‘எண்ணிம இணை’ என்பதே ஏற்றது. ஓர் இணைக் காளை என்றால் இரண்டும் ஒரு வயிற்றில் பிறந்தவை என்றோ ஒரே நிறம் என்றோ யாரும் கொள்ள மாட்டார்கள். ஒரு நுகத்தடியில் சேர்த்துக் கட்டப்பட்டவை என்று மட்டுமே பொருள். பிரித்து விற்றாலும் ஒவ்வொன்றும் தனிக் காளைதான். வெளியிடும்போது ஒன்றாகக் கட்டப்பட்டு, பின் தனித்தனியே கைமாறக்கூடிய காகிதமும் வில்லையும் அந்த வகையின.

இணை என்றால் இணையத்தை நினைக்கமாட்டார்களா என்று கேட்கலாம். நினைத்தாலும் கெடுதல் இல்லை, அந்த இணையும் இணையத்தில்தான் கிடக்கிறது. ஆயினும் எண்ணிம என்னும் அடையை விடாமல் எழுதினால் ஐயம் எழாது. வேற்றுமை ஏற்கும்போது ‘எண்ணிம இணையை விற்றார்’ என்றும் ‘எண்ணிம இணையின் நிறம் சிவப்பு’ என்றும் வரும். பன்மைக்கு ‘எண்ணிம இணைகள்’. விற்பனைப் பட்டியலில் ஒரு பதிவு இப்படி அமையலாம்: ஆஸ்திரியா, 2019, மறைக்குறி அஞ்சல்தலை, 6.90 யூரோ; அட்டை முழுமையானது, பூச்சு சுரண்டப்படவில்லை; எண்ணிம இணை உடன் வரும். காகிதம் மட்டும் விற்பனைக்கு என்றால்: எண்ணிம இணை நீங்கலாக.