அரைச் சாண் தூரத்தில் ஒரு மைக்

பாட்காஸ்ட் தொடங்க நினைப்பவர்கள் முதலில் மைக்கின் விலையைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன் பதிவு செய்யப்போகும் அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருந்தால் தட்டலுக்குப் பின்னால் 'ணங்' என்று ஒரு வால் நீளும். மூன்று மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் பட்டுத் திரும்ப ஒலிக்கு ஏறக்குறைய 17 மில்லி விநாடி போதும். நேரில் பேசும்போது இந்த எதிரொலியை மூளை பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மைக்குக்கு மூளை கிடையாது. பதிவைக் கேட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பேசியதுபோல் இருக்கும்.

வாய்க்கும் மைக்குக்கும் இடையே தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். எதிரொலியோ அறையில் எங்கே வைத்தாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆகவே 40 செ.மீ. தள்ளி நிற்கும் மைக்கை அரைச் சாணுக்கு, அதாவது 10 செ.மீ.க்கு இழுத்தால், எதிரொலியைவிடக் குரல் 12 டெசிபல் கூடுதலாக மேலே வரும். விலை உயர்ந்த மைக்கை வாங்கி மேசையின் மறுகோடியில் வைப்பவருக்கு இது கிடைக்காது. அதற்காக 2 செ.மீ.க்குப் போய்விடவும் கூடாது. ஒருபக்கமாகக் கேட்கும் மைக்குகளில் நெருங்க நெருங்க அடிக்குரல் வீங்கி, பானைக்குள் பேசியதுபோல் ஆகிவிடும்.

டைனமிக் என்ற வகை மைக்கில் ஒரு சவ்வும் அதில் ஒட்டிய மெல்லிய கம்பிச் சுருளும் காந்தப்புலத்துக்குள் அசைந்து மின்சாரம் உண்டாக்கும். ஸ்பீக்கரைத் தலைகீழாகத் திருப்பியது மாதிரி. கண்டென்சர் என்ற இன்னொரு வகை மைக்கில் மின்னேற்றப்பட்ட இரண்டு தகடுகள். அதில் ஒன்று சில மைக்ரான் தடிமனே உள்ள சவ்வு என்பதால் நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும். பக்கத்து வீட்டு மிக்ஸியையும் சேர்த்துத்தான். ஸ்டுடியோ கண்டென்சர்களுக்குப் பொதுவாக 48 வோல்ட் மின்சாரமும் தர வேண்டும். டைனமிக் மைக்குக்கு எதிரொலியே கேட்காது என்று பலர் சொல்வது பாதிதான் உண்மை: உணர்திறன் குறைவு என்பதால் அது நம்மை நெருங்கி வந்து பேச வைக்கிறது. வீட்டில் பதிவு செய்ய டைனமிக்கே என் தேர்வு.

தனியாகப் பேசுபவருக்குக் கணினியில் நேரடியாகச் செருகும் யுஎஸ்பி மைக் போதும். சாம்சன் க்யூ2யு போன்ற மைக்குகளில் யுஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் (ஸ்டுடியோ மைக்குகளின் மூன்று முள் இணைப்பு) இரண்டும் இருப்பதால் பின்னாளிலும் வீணாகாது. இருவர் என்றால் ஒரே கணினியில் இரண்டு யுஎஸ்பி மைக் செருகாதீர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் தனிக் கடிகாரம் ஓடுகிறது. பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபட்டாலும் ஒரு மணி நேரத்தில் 72 மில்லி விநாடி விலகி, ஒருவர் சிரிப்பு மற்றவர் மைக்கில் இரட்டையாகக் கேட்கும். இரண்டு எக்ஸ்எல்ஆர் மைக்கை ஆடியோ இன்டர்ஃபேசில், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியில், இரண்டு மைக் செருகும் இடம் உள்ளதாகப் பார்த்துச் செருகினால் ஒரே கடிகாரம்தான். வாங்குமுன் அந்தப் பெட்டியின் கெய்ன் அளவை, அதாவது மைக்கின் ஒலியை அது எவ்வளவு பெருக்கித் தரும் என்பதைப் பாருங்கள். ஷூர் எஸ்எம்7பி போன்ற மைக்குக்கு 60 டெசிபல் வரை தேவைப்படும். போதாமல் பிறகு ஏற்றினால் 'உஸ்' இரைச்சலும் கூடவே ஏறும்.

பதிவு செய்யும் மென்பொருளில் ஒலியின் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். சத்தமாகச் சிரிக்கும் இடத்திலும் அதில் ஒலி அளவைக் காட்டும் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. மீட்டரின் உச்சமான பூஜ்யத்தில் முட்டி வெட்டுப்பட்ட குரலைச் சரியாக ஒட்ட வழியில்லை.

உள்ளங்கையை வாய்க்கு எதிரே வைத்து 'பப்பாளி' என்று சொல்லுங்கள். கையில் படும் அந்தக் காற்றுதான் மைக்கில் 'டொப்' என்று விழுகிறது. பஞ்சு உறை பாதியைத் தடுக்கும். மைக்கை வாயோரத்திலிருந்து 30 பாகை சாய்த்து வைத்தால் மீதியும் விலகிப் போகும்.

ஃபேனை நிறுத்த முடியாத வெயிலில், மைக்கை மேலிருந்து தொங்கவிட்டு வாயை நோக்கிக் கீழே திருப்புங்கள். ஒருபக்கமாகக் கேட்கும் கார்டியாய்டு மைக்குக்கு முதுகுப்பக்கம் காது மந்தம். அந்த முதுகு ஃபேனைப் பார்க்கட்டும். சுவரில் முட்டை அட்டை ஒட்டுவது வீண்வேலை. பேசுபவருக்குப் பின்னால் ஒரு பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

ஹெட்ஃபோன் காதை மூடும் ஒயர் வகையாக இருக்கட்டும். புளூடூத்தில் சொந்தக் குரல் பிந்தி வந்தால் நாக்கு தடுமாறும். ஹெட்ஃபோனில் 'ம்ம்ம்' என்று அடிநாதம் கேட்டால் மைக்கைக் குறை சொல்லுமுன் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். பெரும்பாலும் அது எர்த் சரியில்லாத பிளக்கிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல்.