ஃப்ரிட்ஜ் பழுதானால் சட்டம் என்ன தருகிறது? கூடுதல் வாரண்டிக்குப் பணம் கட்டும் முன் படிக்க

வாஷிங் மெஷினுக்கு பில் போட்டு முடித்த கையோடு கவுன்ட்டரில் அடுத்த கேள்வி வரும்: "எக்ஸ்டெண்டட் வாரண்டி சேர்த்துடலாமா சார்? இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கவலையே இல்ல." பின்னால் வரிசை நிற்கிறது, யோசிக்க நேரமில்லை. பலரும் தலையாட்டிவிடுகிறோம். ஆனால் அந்தப் பணத்தைக் கட்டாமலேயே நமக்குச் சில உரிமைகள் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பார்த்துவிடலாம்.

இப்போது நடப்பில் இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பழைய 1986 சட்டத்தை மாற்றிவிட்டு 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒரு பொருளுக்குக் குறைந்தது இத்தனை வருடம் வாரண்டி தர வேண்டும் என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. ஒரு வருடமா, இரண்டு வருடமா என்பது நிறுவனத்தின் முடிவு. ஆனால் எது குறைபாடு என்பதை வாரண்டி அட்டை மட்டும் தீர்மானிப்பதில்லை. சட்டப்படி ஒரு பொருளில் இருந்தாக வேண்டிய தரம் இல்லையென்றால் அது குறைபாடு. எழுத்தில் இல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தில் உள்ளடங்கிய தரம் இல்லையென்றாலும், விற்றவர் எந்த விதத்திலாவது இருப்பதாகச் சொன்ன தரம் இல்லையென்றாலும் அது குறைபாடுதான். விளம்பரத்தில் சொன்னதும் இதில் அடங்கும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று பில்லின் அடியில் அச்சடித்திருப்பார்கள். குறைபாடுள்ள பொருளுக்கு இது செல்லாது. பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படியே. ஆகவே பெட்டியைப் பிரித்த முதல் வாரத்திலேயே கோளாறு தெரிந்தால், "சர்வீஸுக்கு ஆள் அனுப்புறோம்" என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். மாற்றித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

வாரண்டி முடிந்த மறுநாளே உரிமை எல்லாம் போய்விடுவதில்லை. தயாரிப்பிலேயே கோளாறு இருந்திருந்தால் அப்போதும் வழக்கு உண்டு. ஆனால் அதைக் காட்டும் பொறுப்பு நம் தலையில் விழும், வேலையும் கூடும்.

ஃப்ரிட்ஜ் கதவில் "10 வருட வாரண்டி" என்று ஒட்டியிருப்பதை நம்பி ஏமாறுகிறவர்கள் ஏராளம். அது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். ஆறாவது வருடம் கம்ப்ரஸர் போனால் அந்த உருப்படி இலவசமாக வரும். குளிரூட்டும் கேஸ் நிரப்ப, குழாயை வெல்டிங் செய்ய, மெக்கானிக் வந்து போக, பழையதைக் கழற்றி மாட்ட ஆகும் செலவெல்லாம் பெரும்பாலும் நம்முடையது. வாஷிங் மெஷினில் "மோட்டாருக்கு 10 வருடம்" என்பதும் இதே கதை. இன்று மோட்டாரைவிட அடிக்கடி கையைக் கடிப்பது, மெஷினை இயக்கும் மின்னணுப் பலகையான பி.சி.பி. போர்டு. அது வழக்கமாக முழு மெஷினுக்கும் தரும் பொது வாரண்டியில்தான் வருகிறது. போர்டுக்குத் தனியாக எத்தனை வருடம் என்று கடையில் கேட்டு, பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, வாரண்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்பது. தள்ளுபடியில் ஏ.சி. வாங்கி, புது வீட்டு வேலை முடியும் வரை மூன்று மாதம் பெட்டியோடு வைத்திருந்தால் அந்த மூன்று மாதமும் வீண். பொருத்திய நாளிலிருந்து கணக்கிடுங்கள் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2024-ல் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. அது வேண்டுகோள்தான், சட்டம் அல்ல. உங்கள் அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கூடுதல் வாரண்டி வாங்கலாமா? பெரும்பாலான வீடுகளுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

சாதனங்கள் பழுதாவதற்கு ஒரு போக்கு உண்டு. தயாரிப்புக் கோளாறு இருந்தால் பெரும்பாலும் முதல் சில மாதங்களிலேயே தலைகாட்டிவிடும். பிறகு பல ஆண்டுகள் அமைதி. தேய்மானம் சேர்ந்த பிறகு பழுது மறுபடி ஏறும். இந்தக் கோட்டை வரைந்தால் குளியல்தொட்டி போல இருக்கும் என்பதால் பொறியாளர்கள் அதற்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். மின்னணுக் கழிவுக் கணக்குக்காக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சராசரி ஆயுள் குறித்திருக்கிறது: ஃப்ரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் 10 ஆண்டு, வாஷிங் மெஷினுக்கு 9 ஆண்டு. முதல் வருடத்தை நிறுவன வாரண்டியே பார்த்துக்கொள்கிறது. நாம் பணம் கட்டி வாங்குவது இரண்டாவது, மூன்றாவது வருடங்களை. அதாவது தொட்டியின் சமதளத்தை. பழுது நிஜமாகவே வரக்கூடிய ஏழாவது, எட்டாவது வருடத்துக்கு அந்த அட்டை உதவாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 30,000 ரூபாய் ஃப்ரிட்ஜுக்கு இரண்டு வருடக் கூடுதல் வாரண்டி 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு வருடத்தில் பத்தில் ஒரு ஃப்ரிட்ஜுக்கு 5,000 ரூபாய்க்குப் பழுது வருகிறது என்றாலும், சராசரியாகப் பார்த்தால் நம் செலவு 500 ரூபாய்தான். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி., டி.வி., கீஸர் என ஒவ்வொன்றுக்கும் இப்படிக் கட்டுவதற்குப் பதில் அந்தத் தொகையை ரிப்பேர் உண்டியல் என்று தனியாகப் போட்டு வையுங்கள். எந்தப் பொருள் பழுதானாலும் அதிலிருந்து எடுக்கலாம். எதுவும் ஆகவில்லை என்றால் பணம் வீட்டிலேயே இருக்கும்.

விதிவிலக்கும் உண்டு. பெரிய டி.வி.யில் பேனல், அதாவது திரை, போனால் புது டி.வி. விலையில் பாதியைத் தாண்டலாம். அத்தகைய பொருளுக்கு, தயாரித்த நிறுவனமே நேரடியாகத் தரும் நீட்டிப்பு நியாயமான விலையில் கிடைத்தால் வாங்கலாம். திடீரென ஐயாயிரம், பத்தாயிரம் புரட்ட முடியாத வீட்டுக்கும் அது ஒரு நிம்மதி. அதைத் தவறென்று சொல்ல மாட்டேன்.

வாங்குவதானால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: வாக்குக் கொடுப்பது யார்? தயாரிப்பாளரா, கடையா, நீங்கள் கேள்வியே படாத மூன்றாவது நிறுவனமா, காப்பீட்டு நிறுவனமா? நாளை பிரச்சினை வந்தால் அந்தக் கையெழுத்துக்காரரைத்தான் பிடிக்க வேண்டும். அடுத்து, எதற்கெல்லாம் பொருந்தாது என்ற பொடி எழுத்துப் பகுதி. எலி கடித்த வயர், மின்னழுத்த ஏற்ற இறக்கத்தில் எரிந்த போர்டு, உப்புத் தண்ணீரில் அடைத்த கீஸர், கடற்காற்றில் அரித்த ஏ.சி. காயில், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள். நம் ஊர் வீடுகளில் நிஜமாக நடப்பவை இவைதான், பல ஒப்பந்தங்களில் விலக்கப்படுபவையும் இவைதான். பழுதுபார்க்க முடியாவிட்டால் முழு விலை தருவார்களா, தேய்மானம் கழிப்பார்களா என்பதையும் கேளுங்கள்.

கடையோ நிறுவனமோ சரிசெய்து தர மறுத்துவிட்டால் என்ன செய்வது? முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன, ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத்தான் உண்டு. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே போகலாம், 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். பழுதை நீக்கவோ, பொருளை மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ, இழப்பீடு தரவோ ஆணையம் உத்தரவிடலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த 3 மாதத்துக்குள், பொருளைச் சோதனைக்கு அனுப்ப நேர்ந்தால் 5 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும், பொறுமை வேண்டும்.

ஆணையத்தில் பேசப்போவது காகிதம். எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கு வாரண்டிக் காலத்தில் மூன்று முறை மெக்கானிக் வந்தார். நல்ல மனிதர், ஏதோ இறுக்கிவிட்டு "சரியாயிடுச்சும்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார். வாரண்டி முடிந்த மாதம் போர்டு போனது. ஒரே கோளாறுக்கு நான்காவது முறை அழைக்கிறோம் என்றோம். "எங்கள் பதிவில் ஒரு வருகைதான் இருக்கிறது" என்றார்கள் சர்வீஸ் சென்டரில். காட்ட எங்களிடம் எதுவும் இல்லை, முழுச் செலவையும் நாங்களே ஏற்றோம். மெக்கானிக் ஒவ்வொரு முறை வரும்போதும் ஜாப் ஷீட் கேட்டு வாங்குங்கள். தேதி, நீங்கள் சொன்ன கோளாறு, அவர் செய்த வேலை மூன்றும் அதில் இருக்க வேண்டும். கடை பில்லை வாங்கிய அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். பல கடைகள் தரும் வழவழப்பான பில் தாளில் எழுத்து நாளடைவில் மங்கி வெள்ளையாகிவிடும்.