சீர்மிகு நகரம்

கோவை உக்கடம் பெரியகுளத்துக் கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அங்கிருந்த திட்டப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். 'சீர்மிகு' வந்ததும் நின்றுவிட்டாள். "அப்பச்சி, சீருன்னா கல்யாணத்துல செய்ற சீருங்களா?" பெரியவர் யோசிக்கவே இல்லை. "ஆமா சாமி, அதே சீருதான்."

அவர் சொன்னது சரி. இணைச்சீர் என்ற சடங்கு இல்லாமல் கல்யாணம் நடக்காத கொங்கு நாட்டுக்காரருக்குச் சீர் என்றால் முறையாகச் செய்யப்படுவது. பலகையில் இருப்பதும் அதே சொல்தான். ஆனால் அந்தச் சொல் அங்கே வந்து சேர்ந்த வழி சுற்றுவழி.

மூலச்சொல் 'ஸ்மார்ட் சிட்டி'. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்மார்ட்' என்பதன் மூலவினைக்கு 'சுரீரென வலித்தல்' என்று பொருள். வலியைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லான 'ஷ்மெர்ட்ஸ்' இதன் உறவு. சுரீரென்ற அடி விரைவைக் குறித்தது, விரைவு மதிநுட்பமானது, பிறகு மிடுக்கான உடையையும் குறித்தது. தானே இலக்கைத் தேடிப் போகும் குண்டுகளுக்கு 1970களில் இந்த அடைமொழி வந்தது. அப்புறம் அட்டை, போன், மீட்டர் என்று கருவிகளோடு ஒட்டிக்கொண்டது. 2008-ல் ஐபிஎம் நிறுவனம் 'ஸ்மார்ட்டர் பிளானட்' என்ற விளம்பர முழக்கத்தைத் தொடங்கி, நகரங்களையும் அதற்குள் கொண்டுவந்தது. நகராட்சிகள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டதில் அந்த வணிக முழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்திய அரசின் ஸ்மார்ட் சிட்டித் திட்டம் 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. நாடு முழுக்க 100 நகரங்கள், தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, தஞ்சை உட்பட 11. நகரம் ஒன்றுக்கு ஐந்தாண்டில் மத்திய அரசு 500 கோடி ரூபாய் தருவது, மாநிலமும் உள்ளாட்சியும் அதே அளவு போடுவது என்பது ஏற்பாடாக இருந்தது. திட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தொடக்கத்திலேயே ஒன்றை ஒப்புக்கொண்டன: ஸ்மார்ட் சிட்டிக்கு எல்லாரும் ஏற்ற வரையறை ஏதும் இல்லை. வரையறை இல்லாத சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மூன்று சொற்கள் புழங்கின. 'திறன்பேசி'யைப் பின்பற்றிச் சிலர் 'திறன்மிகு நகரம்' என்றார்கள். நாளிதழ்கள் சில 'பொலிவுறு நகரம்' என்று எழுதின. அரசுப் பலகைகளில் நிலைத்தது 'சீர்மிகு நகரம்'. திறன் கருவிக்குப் பொருந்தும். ஊருக்கு அது போதாது. பொலிவு பார்வைக்கு மட்டும். சீர் இந்த இரண்டையும்விட ஆழமான சொல். அதனால்தான் இந்தத் தேர்வை நான் மனமாரப் பாராட்டுகிறேன். இது மொழிபெயர்ப்பே அல்ல, மூலத்தைவிட நல்ல பெயர்.

சீருக்கு அகராதிகள் தரும் பொருள்கள் பல: அழகு, செல்வம், பெருமை, சமம், கனம், அளவு, துலாக்கோல், காவடித்தண்டு, செய்யுளின் உறுப்பு. வடமொழி 'ஸ்ரீ'யோடு இதை இணைப்பவர்கள் உண்டு. அழகுக்கும் செல்வத்துக்கும் அது ஒத்துவரலாம். எடைக்கும் துலாக்கோலுக்கும் காவடித்தண்டுக்கும் ஒத்துவராது. அந்தப் பக்கத்தில் 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல்' என்ற குறள் நிற்கிறது. தூக்கும் பாரம் சீர். தூக்கும் கோலோ முதலில் தான் சமனாக இருக்க வேண்டும். அன்றாடப் பேச்சிலும் இந்தச் சமன்தான் மேலோங்கி நிற்கிறது. மூச்சு சீராக வருகிறது என்கிறோம். மாநகராட்சிகளே 'சீரான குடிநீர் விநியோகம்' என்று எழுதுகின்றன. ஒரு வார்டுக்கு நாள்தோறும், அடுத்த வார்டுக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை என்று தண்ணீர் வந்தால், மொத்த அளவு எவ்வளவு இருந்தாலும் அதைச் சீர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பெயருக்கும் திட்டத்துக்கும் இடையில் உள்ள இடைவெளி இங்கேதான் தெரிகிறது. திட்டத்தின் பெரும்பகுதிப் பணம், நகருக்குள் தேர்ந்தெடுத்த ஒரு பகுதிக்குப் போகும்படி வகுக்கப்பட்டது. இருக்கும் பகுதியை மேம்படுத்துவதென்றால் 500 ஏக்கருக்கு மேல், இடித்துக் கட்டுவதென்றால் 50 ஏக்கருக்கு மேல் என்பது விதியாக இருந்தது. சென்னையில் தியாகராய நகர் தேர்வாகி, 2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. கோவையில் பெரியகுளம், வாலாங்குளம் போன்ற குளங்களும் அவற்றின் கரைகளும். தஞ்சையில் சிவகங்கைப் பூங்கா. இவை நல்ல வேலைகள். குளக்கரையில் குழந்தைகள் ஓடுவதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் பலகைகளும் காணொளிகளும் விளக்கொளிக் கரையையும் செல்ஃபி எழுத்துகளையும்தான் காட்டுகின்றன. அகராதி தரும் பொருள்களில் அழகோடு விளம்பரம் நின்றுவிடுகிறது. சமம் என்ற பொருள்வரை போவதில்லை. எந்த வார்டில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்ற பட்டியலை அதே பலகையில் போட்டால் அந்தச் சொல்லுக்கு முழு மரியாதை செய்ததாகும்.

இதற்கு முன்னோடிப் பெயர் ஒன்று உண்டு. 1996-ல் சென்னை மேயரான மு.க. ஸ்டாலின் கொண்டுவந்த 'சிங்காரச் சென்னை' அது. 2021-ல் '2.0' என்று மீண்டும் வந்தது. சிங்காரம் வடமொழிச் சொல், ஒப்பனை என்பது அதன் பொருள். தான் செய்யப்போவதை அந்தப் பெயர் நேராகச் சொல்லிவிட்டது. சீர்மிகு அதைவிடப் பெரிய வாக்கு.

இலக்கணம் இன்னொன்றையும் சொல்கிறது. 'மிகு நகரம்' வினைத்தொகை. சீர் மிகுந்த நகரம், மிகுகின்ற நகரம், மிகும் நகரம் என்று மூன்று காலமும் அதில் அடங்கும். பலகை வைத்தவர் இறந்தகாலத்தில் எழுதியிருக்கலாம். திட்டக் காலம் 2025 மார்ச் 31-ல் முடிந்துவிட்டது என்பதால் அப்படிப் படிக்கவும் தோன்றும். நான் எதிர்காலத்தில்தான் படிக்கிறேன். வேலை பாக்கி இருக்கும் தெருக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் படிப்பார்கள்.

எழுதும்போது ஒரு கவனம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது: சீர்மிகு கோவை, சீர்மிகு தஞ்சை. ஆனால் 'நகரத் திட்டம்' என்பதில் 'த்' கட்டாயம் வேண்டும். 'சீர்மிகுக் கோவை', 'நகர திட்டம்' என்று இரண்டையும் தவறாக எழுதிய பலகை ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பத்தடி உயரம், பித்தளை எழுத்துகள். அச்சுக்கும் வார்ப்புக்கும் கொடுப்பதற்கு முன் பக்கத்துப் பள்ளித் தமிழாசிரியரிடம் ஒருமுறை காட்டினால் போதும்.