பைசா கோபுரம் ஏன் விழவில்லை?

இத்தாலியின் பைசா கோபுரம் பக்கத்துப் பேராலயத்துக்காகக் கட்டப்பட்ட மணிக்கோபுரம். உச்சியில் ஏழு மணிகள் இருக்கின்றன. அது ஏன் சாய்ந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏன் இன்னும் விழவில்லை என்பதே எனக்குப் பெரிய அதிசயம்.

1173-இல் வேலை தொடங்கியது. அடியில் வண்டலும் மணலும். ஏறத்தாழ பத்து மீட்டருக்குக் கீழே நீர் ஊறிய மென்களிமண். 1178 வாக்கில், மூன்று தளங்களைத் தாண்டியதும் வேலை நின்றது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கட்டுமானம் மேலே எழும்பவில்லை. அந்த இடைவெளிதான் கோபுரத்தைக் காப்பாற்றியது. களிமண்ணின் மேல் பாரம் ஏறினால் முதலில் அதைத் தாங்குவது துகள்களுக்கு இடையிலுள்ள நீர்தான். ஈரத்துணியைப் பிழிவதுபோல அந்த நீர் மிக மெதுவாக வெளியேற, மண் இறுகிப் பலம் பெறும். ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அடிமண் தாங்காமல் கோபுரம் அன்றே சரிந்திருக்கும் என்கிறது மண் பொறியியல்.

1272-இல் மீண்டும் தொடங்கிய வேலை, ஜெனோவாவுடன் நடந்த மெலோரியா கடற்போரில் 1284-இல் பைசா தோற்றதும் மறுபடி நின்றது. இந்த ஓய்வும் மண்ணுக்கு நல்லதாகவே முடிந்தது. பிந்தைய கொத்தர்கள் தெற்கு நோக்கிய சாய்வை ஈடுகட்டத் தளங்களைச் சற்று வளைத்தே எழுப்பினார்கள். மணிகள் தொங்கும் மேல்தளத்துக்கு வடக்கே நான்கு படிகள், தெற்கே ஆறு. கண்ணாலும் நூல்குண்டாலும் அளந்து கட்டியவர்களின் கவலையை அந்தப் படிகளிலேயே பார்க்கலாம்.

மனிதர் அவசரப்பட்டபோதெல்லாம் கேடுதான் விளைந்தது. 1838-இல் தூண்களின் அடிப்பகுதி தெரியட்டும் என்று சுற்றிலும் தோண்டினார்கள். கோபுரம் மேலும் சாய்ந்தது. 1934-இல் முசோலினி ஆட்சியில் அடித்தளத்தில் துளையிட்டுச் சிமெண்ட் குழம்பைச் செலுத்தினார்கள். அதுவும் சாய்வைக் கூட்டியது.

1989-இல் இத்தாலியின் பவியா நகரில் ஒரு பழைய கோபுரம் திடீரென இடிந்து நான்கு பேர் இறந்தார்கள். மறு ஆண்டே பைசா கோபுரம் மூடப்பட்டது. அப்போது அதன் சாய்வு சுமார் ஐந்தரை டிகிரி. முதலில் வடபுறம் ஈயக்கட்டிகளை அடுக்கிச் சாய்வு கூடாமல் தடுத்தார்கள். பிறகு, 1999 முதல், வடபுற அடித்தளத்தின் கீழிருந்து சாய்வான துளைகள் வழியே மண்ணைச் சிறிது சிறிதாக எடுத்தார்கள். உயர்ந்திருந்த வடபக்கம் மெல்லத் தாழ, கோபுரம் அரை டிகிரி நிமிர்ந்தது. எடுத்த மண் மொத்தம் நாற்பது கன மீட்டருக்கும் குறைவு. 2001 டிசம்பரில் பார்வையாளர்கள் மறுபடியும் படியேறத் தொடங்கினார்கள்.