பிரித்தானியாவில் காரில் கேரவன் இழுக்க: நீளம், அகலம், எடை

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கமிருந்து பிரித்தானியாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போனவர்களுக்கு, லீவில் ஒரு கேரவனை (தங்கவும் தூங்கவும் வசதியுள்ள இழுவை வண்டி) காரில் கொளுவிக்கொண்டு ஸ்கொட்லாந்து மலைப்பக்கம் சுற்றிவர ஆசை வரலாம். அதை வாடகைக்கு எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

3,500 கிலோ வரையான வாகனம் இழுக்கும் டிரெய்லர் (கேரவனும் ஒரு டிரெய்லர்தான்) 7 மீற்றர் நீளத்தையும் 2.55 மீற்றர் அகலத்தையும் தாண்டக் கூடாது. ஏறத்தாழ 23 அடிக்கு எட்டேகால் அடி. இந்த 7 மீற்றரில் காரோடு மாட்டும் முன்கம்பி சேராது. கூடு மட்டும்தான் கணக்கு. அதனால் விளம்பரத்தில் மொத்த நீளம் ஏழரை மீற்றர் என்று போட்டிருந்தாலும் அது சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்கலாம்.

றம்பொடை வளைவுகளில் பஸ்ஸுக்கு ஒதுங்கிப் பழகிய நமக்கு எட்டடி அகலம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. ஸ்கொட்லாந்து மலைப்பகுதியிலும் ஒற்றை வாகனம் மட்டும் போகும் பாதைகள் உண்டு. எதிரே யாராவது வந்தால் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட வேண்டும். சட்ட அளவுக்குள்தானே இருக்கிறது என்று பெரிய கேரவனோடு அங்கே நுழைவது புத்திசாலித்தனமல்ல.

எடைதான் பலரைக் குழப்புவது. 1997 முதல் கார் லைசன்ஸ் எடுத்தவர்கள் கனமான டிரெய்லர் இழுக்க முன்பு தனி ஓட்டுநர் பரீட்சை பாஸ் பண்ண வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அது இல்லை. அங்கே கார் லைசன்ஸ் உள்ளவர் 3,500 கிலோ வரையான டிரெய்லரை இழுக்கலாம். ஆனால் லைசன்ஸ் விட்டாலும் கார் விட வேண்டுமே. காரில் பதித்திருக்கும் எடைத் தகட்டில் காரின் தனி உச்ச எடையும், டிரெய்லரோடு சேர்ந்த உச்ச எடையும் இருக்கும். முதலாவது 2,000 கிலோ, இரண்டாவது 3,500 கிலோ என்றால், முழுச் சுமையோடு போகும் கார் 1,500 கிலோவுக்கு மேல் இழுக்கக் கூடாது. சாமான், தண்ணீர், காஸ் சிலிண்டர் எல்லாம் அதற்குள்தான்.

சுமையோடு 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குச் சொந்த பிரேக் வேண்டும். கேரவன் காரின் பின்புறத்தைவிட அகலமென்றால் பின்னால் வருவதைப் பார்க்கும் நீட்டுப் பக்கக் கண்ணாடி பூட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் 1,000 பவுண்ட் வரை அபராதமும் லைசன்ஸில் 3 தண்டப் புள்ளிகளும். கேரவனின் பின்னால் காரின் இலக்கத் தகடே இருக்க வேண்டும். மோட்டார்வேயில் வேகம் 60 மைல். மூன்று தடப் பாதையில் வலது ஓரத் தடத்துக்குப் போகக் கூடாது.

சரி, இலங்கை லைசன்ஸ்? அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதத்துக்கு, அதில் உள்ள பிரிவுக்குரிய சிறிய வாகனங்களை ஓட்டலாம். அதை அப்படியே அங்குள்ள லைசன்ஸாக மாற்றிக்கொள்ள முடியாது. அந்தக் காலம் முடிந்தபின் ஓட்ட வேண்டுமானால் தற்காலிக லைசன்ஸ் எடுத்து, எழுத்துப் பரீட்சையும் ஓட்டுநர் பரீட்சையும் பாஸ் பண்ண வேண்டும்.